நிற்க முடியாத குதிரை: வேட்டைப் பருவத்தில் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தில் குதிரைமேல் ஏறி வேட்டைநாய்களைப் பின்தொடரும் பருவம் நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் வரை நீளும். 2005 பிப்ரவரி 18-ல் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், நாய்க்கூட்டத்தை விட்டு உயிருள்ள நரியைத் துரத்துவது அங்கே குற்றம். முன்கூட்டியே போட்டுவைத்த வாசனைத் தடத்தை நாய்கள் மோந்து ஓட, பின்னால் முப்பது, ஐம்பது குதிரைகள் ஓடுகின்றன. பிரிட்டிஷார் காலத்தில் நம் ஊட்டியின் வென்லாக் டவுன்ஸ் புல்வெளிகளில் நாய்கள் துரத்தியது உயிருள்ள குள்ளநரியை, ஆனால் பின்னால் குதிரைகள் ஓடியது இதே மாதிரிதான். துரத்துவது எதுவானாலும் குதிரைக்கு ஒன்றுதான்: கூட்டம் ஓடுகிறது, தானும் ஓட வேண்டும்.

ஆகஸ்டிலிருந்து மேடேறி உடம்பு முறுக்கேறிய குதிரை நவம்பரில் எப்படி இருக்கும் என்பது முதல்முறை வருகிறவருக்குத் தெரியாது. வீட்டில் ஒரு விரலால் நிறுத்தக்கூடிய குதிரை, நாய்களின் குரல் கேட்டதும் நின்ற இடத்திலேயே வியர்க்கும், பக்கவாட்டில் நடக்கும், வாயைத் திறந்து கையைப் பிடுங்கும், மற்றக் குதிரைகளை நோக்கிப் பின்காலைத் தூக்கும். இதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டால் கை இறுகும், கை இறுகினால் குதிரை இன்னும் கொதிக்கும். குதிரை கூட்டமாக வாழும் மிருகம். கூட்டம் ஓடும்போது தனியாக நிற்பது அதன் கணக்கில் சாவுக்குச் சமம். உங்கள் வேலை அதை ஓட விடாமல் தடுப்பதல்ல, காத்திருக்கப் பழக்குவது. அந்த வேலையில் பெரும்பகுதி வேட்டைக்கு முந்தைய ஆறு நாளில் வீட்டிலேயே முடிந்துவிட வேண்டும்.

முதலில் வலியைத் தேடுங்கள்

தீவனத்தையும் கடிவாளத்தையும் மாற்றுவதற்கு முன் இந்தப் படி. முதுகு வலிக்கும் குதிரையும் வயிற்றில் புண் உள்ள குதிரையும் பார்வைக்கு ‘கொதிக்கிற’ குதிரை போலவே இருக்கும்.

சேணத்தைப் பருவத்தின் தொடக்கத்தில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை ஆள் வைத்துப் பாருங்கள். ஆகஸ்டில் கொழுப்போடு இருந்த முதுகுக்குப் பொருந்திய சேணம், டிசம்பரில் கொழுப்பு கரைந்து தசை மாறிய முதுகில் முன்பக்கமாகச் சரிந்து தோளை அழுத்தும். சேணத்தைக் கழற்றியதும் வியர்வைத் தடத்தைப் பாருங்கள். சுற்றிலும் நனைந்திருக்க நடுவில் உள்ளங்கை அகலம் மட்டும் காய்ந்திருந்தால், அந்த இடத்தில் அதிக அழுத்தம் விழுகிறதா என்று சந்தேகப்பட வேண்டும்.

பல்லை வருடத்துக்கு ஒருமுறையாவது பார்த்து ராவியிருக்க வேண்டும். கடைவாய்ப் பல்லின் கூர் விளிம்பு கன்னத்தைக் கிழித்துக்கொண்டிருந்தால் எந்த பிட்டும் (கடிவாளத்தில் வாய்க்குள் போகும் துண்டு) வேலை செய்யாது. வயிற்று வாரை இறுக்கும்போது கடிக்க வருவது, தீவனத்தைப் பாதியில் விடுவது, மெலிவது, இவை இரைப்பைப் புண்ணின் அடையாளமாக இருக்கலாம். கால்நடை மருத்துவர் குழாய்க் கேமராவை விட்டுப் பார்த்துத்தான் உறுதி சொல்வார். மருந்தும் அவர் சொல்லித்தான்.

தீவனம்: தராசு வாங்குங்கள்

‘கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்’ என்று குதிரையைப் பற்றி நம்மிடம் பழமொழியே உண்டு. வேட்டைக் குதிரையின் சிக்கலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிடக்கிறது. கடினமாக உழைக்கிறதே என்று அள்ளிப் போடும் தானியம்தான் பாதிப் பேர் லாயத்தில் வினை.

500 கிலோ எடையுள்ள குதிரையைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். ஈரம் நீக்கிய கணக்கில் உடல் எடையில் குறைந்தது 1.5 சதவீதம், அதாவது 7.5 கிலோ, நார்த்தீவனமாக இருக்க வேண்டும். உலர்ந்த புல்லாகக் கொடுத்தால் நாளுக்கு எட்டரை முதல் 9 கிலோ. ஈரப்பதத்தோடு பொதியில் கட்டிய ஹேலேஜ் என்றால் 11, 12 கிலோ. இது அடிமட்டம். மெலியும் குதிரைக்கு முதலில் இதைத்தான் கூட்ட வேண்டும், தானியத்தை அல்ல.

தானியத்தில் கவனிக்க வேண்டியது மாவுச்சத்து. ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராம் என்பது பாதுகாப்பான உச்சம். நம் குதிரைக்கு 500 கிராம் மாவுச்சத்து. ஓட்ஸில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் மாவுச்சத்து இருப்பதால், ஒரு வேளைக்கு ஒரு கிலோவைச் சற்றே தாண்டலாம், அவ்வளவுதான். பார்லியிலும் மக்காச்சோளத்திலும் மாவுச்சத்து இன்னும் அதிகம், ஆகவே அளவு இன்னும் குறையும். குவளையால் அளக்காதீர்கள். ஒரே குவளை ஓட்ஸும் ஒரே குவளை மக்காச்சோளமும் ஒரே எடை அல்ல. சமையலறைத் தராசு ஒன்று லாயத்திலேயே கிடக்கட்டும்.

உடம்பு தாங்க வேண்டும், ஆனால் சூடேறக் கூடாது என்றால் மாவுச்சத்தைக் குறைத்து எண்ணெயையும் ஊறவைத்த சர்க்கரைக் கிழங்குச் சக்கையையும் கூட்டுங்கள். எண்ணெயை நாளுக்கு 25 மில்லியில் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் 200 மில்லிவரை கொண்டுபோகலாம். ஒரேயடியாக ஊற்றினால் சாணம் இளகும். எண்ணெய் கூடும்போது வைட்டமின் ஈ-யும் கூட வேண்டும், 100 மில்லிக்கு 100 முதல் 150 யூனிட். கிழங்குச் சக்கையைப் பொட்டலத்தில் எழுதிய நேரம் முழுவதும் ஊறவைக்காமல் போடக் கூடாது. அது தொண்டையில் உப்பி அடைத்துக்கொள்ளும்.

வேட்டை இல்லாத நாளில் தானியத்தைப் பாதிக்கும் கீழே இறக்குங்கள். புதியவர்கள் அதிகமாகத் தவறுவது இங்கேதான். முழுத் தானியமும் முழு ஓய்வும் ஒரே நாளில் சேர்ந்தால், மறுநாள் வேலைக்கு எடுத்த கொஞ்ச நேரத்தில் பின்பக்கத் தசை பலகையாக இறுகி, குதிரை நடக்க மறுத்து வியர்க்கும். மூத்திரம் காப்பி நிறத்தில் போகும். பழைய லாயக்காரர்கள் இதைத் ‘திங்கட்கிழமை நோய்’ என்றே சொன்னார்கள், ஞாயிறு ஓய்வுக்கு மறுநாள் வருவதால். அப்படி ஆனால் நின்ற இடத்திலேயே இறங்குங்கள், போர்வையைப் போர்த்துங்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள். ‘நடந்தால் சரியாகும்’ என்று நடத்தினால் தசை இன்னும் சிதையும்.

வாரத்தின் கணக்கு

சனிக்கிழமை மட்டும் வேட்டைக்குப் போகும் குதிரை என்று வைத்துக்கொள்வோம். வாரம் ஒருமுறை வேட்டையே அதன் உடல்வலுவைக் காக்கப் போதும். அதற்குமேல் வாரநாளில் கேலப் (முழுவேகப் பாய்ச்சல்) ஓட்டி ‘காற்றை இறக்க’ப் பார்ப்பது எதிர்விளைவுதான் தரும். நான்கு வாரத்தில் குதிரை இன்னும் வலுவாகும், உங்கள் கை அப்படியே இருக்கும்.

ஞாயிறு காலை கையில் பிடித்துக் கெட்டியான தரையில் ட்ராட் (நடைக்கு அடுத்த வேகமான சீரான ஓட்டம்) ஓட்டிப் பாருங்கள், நொண்டலின் அடையாளமாகத் தலை ஆடுகிறதா என்று. பிறகு இருபது நிமிடம் கைநடை, மேய்ச்சல் வெளி. திங்கள் முழுக்க வெளியே. செவ்வாய் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் நடை மட்டும், முடிந்தால் மேடு பள்ளத்தில். புதன் நாற்பது நிமிடம் தரைப்பயிற்சி: நடையிலிருந்து நிறுத்தம், நிறுத்தத்திலிருந்து ட்ராட், வட்டம், பக்கவாட்டு நகர்வு. வியாழன் ஒன்றரை மணி நேரம் வெளியே போய்வந்து, அதில் ஒரே ஒரு நிதானமான கேன்டர் (ட்ராட்டுக்கும் கேலப்புக்கும் நடுவான வேகம்), மூன்று நான்கு நிமிடம். வெள்ளி நாற்பத்தைந்து நிமிடம் நடையும் ட்ராட்டும்.

பயிற்சியைவிட முக்கியம் மேய்ச்சல் வெளி. இருபத்துமூன்று மணி நேரம் அறைக்குள் நின்ற குதிரையை ஒரு மணி நேரச் சவாரி அடக்காது. சேறாகிறது, குளிக்க வைக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமை உள்ளே பூட்டிவைப்பவர்கள்தான் சனிக்கிழமை காலை தரையில் விழுகிறார்கள். மழைப் போர்வையைப் போட்டு வெளியே விடுங்கள். சேற்றைக் காய்ந்தபின் பிரஷ்ஷால் தட்டிவிடலாம்.

புதன்கிழமைப் பயிற்சியில் நிறுத்தத்துக்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். நிறுத்தி, கடிவாள வாரைத் தளர்த்தி, ஐந்து எண்ணி, பிறகு நகருங்கள். அடுத்த வாரம் பத்து. அடுத்த வாரம் இன்னொரு குதிரை பக்கத்தில் ட்ராட் ஓட, உங்கள் குதிரை நின்றபடி பத்து. வேட்டையில் குதிரை ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரம் பெரும்பாலும் அதிகம். அந்த நிற்றலை யாரும் வீட்டில் பழக்குவதில்லை.

இன்னொன்று, பிடரியைப் பின்னினால் வேட்டை என்று குதிரை தெரிந்துகொள்ளும். லாரியின் கதவுச் சத்தத்துக்கே பேதியாகும் குதிரைகள் உண்டு. வாரநாளில் பிடரியைப் பின்னி, சேணம் போட்டு, ஒன்றும் செய்யாமல் அவிழ்த்துவிடுங்கள். லாரியில் ஏற்றி, பக்கத்து ஊரில் அமைதியாக நடத்திவிட்டுத் திரும்புங்கள். நாலைந்து முறைக்குப் பிறகு அந்த அடையாளங்களின் சூடு குறையும்.

கடிவாளமும் வார்களும்

பிட் உங்களுக்கு பிரேக் அல்ல, பேச்சுக்கான இடம். ஆனாலும் வீட்டில் போதுமான மெல்லிய ஸ்னாஃபிள் (தண்டோ சங்கிலியோ இல்லாத எளிய பிட்) இங்கே போதாமல் போகலாம், அதில் வெட்கம் இல்லை. கை இன்னும் பழகாதவருக்கு, பக்கத்தண்டும் தாடைச் சங்கிலியும் கொண்ட பெல்ஹாம் பிட் நல்லது. ஒவ்வொரு பக்கமும் இரண்டு வார் உள்ளதால், தேவைப்படும்போது மட்டும் கீழ்வாரைப் பயன்படுத்தலாம். தாடைச் சங்கிலியைத் திருகி எல்லாக் கண்ணியும் தட்டையாகப் படியும்படி தாடைக் குழியில் பொருத்துங்கள். பிட்டின் கீழ்த்தண்டு 45 பாகை பின்னால் வந்தபின்தான் சங்கிலி பிடிக்க வேண்டும். அதற்கு முன்பே பிடித்தால் இறுக்கம், வெகுவாகத் தாண்டியும் பிடிக்காவிட்டால் வீண். மூன்று வளையம் கொண்ட பிட்டுகள் உச்சந்தலையிலும் அழுத்துவதால் சில குதிரைகள் தலையை இன்னும் தூக்கும்.

எதுவானாலும் புதிய பிட்டை வேட்டை நாளில் முதன்முதலாகப் போடாதீர்கள். வீட்டில் இரண்டு வாரம் ஓட்டுங்கள். வாய் வலிக்கும் குதிரைக்கு முன்னே போகவும் வழியில்லை, நிற்கவும் முடியவில்லை என்றால் மிஞ்சுவது மேலே எழும்புவது மட்டும். அது முன்னே பறப்பதைவிட ஆபத்து.

தலையைத் தூக்கும் குதிரைக்கு ஓடு மார்ட்டிங்கேல் (மார்பிலிருந்து வந்து, முனை வளையங்கள் வழியாகக் கடிவாள வார் ஓடும் பட்டை) கட்டலாம். வளையத்தைக் கழுத்தோரமாக மேலே இழுத்தால், கழுத்து முதுகோடு சேரும் மேட்டை அது தொட வேண்டும். வாரில் ரப்பர் தடுப்பு இல்லாமல் ஒருநாளும் போடாதீர்கள். வளையம் பிட்டின் கொக்கியில் மாட்டினால் குதிரை தலைகுப்புற விழும். மூக்குப்பட்டைக்கும் மூக்கெலும்புக்கும் நடுவே இரண்டு விரல் போக வேண்டும். கழுத்தைச் சுற்றி ஒரு தோல்வார் கட்டிக்கொள்ளுங்கள். தடுமாறும்போது அதைப் பிடித்தால் வாயைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. வார் ரப்பர் பிடியோடு இருக்கட்டும், கையுறை கட்டாயம். மழையும் நுரையும் சேர்ந்த வெறும் தோல்வார் சோப்பு மாதிரி வழுக்கும்.

கூடும் இடத்தில்

காலை பத்தேமுக்கால், பதினோரு மணிக்கு ஒரு பண்ணை வாசலிலோ ஊர்த் திடலிலோ எல்லோரும் கூடுவார்கள். வீட்டிலிருந்து கிளம்புவதற்கு நான்கு மணி நேரம் முன்னதாகத் தானியம் முடிந்திருக்க வேண்டும். புல் எடுக்கப்படக் கூடாது. சேணம் போடும்முன் இரண்டு லிட்டர் குவளை நிறைய நறுக்கிய புல்லைக் கொடுங்கள். வெறும் வயிற்றில் கேலப் ஓடினால் இரைப்பை அமிலம் மேலே தெறித்துப் புண்ணாக்கும். நார் ஒரு பாய் மாதிரி மேலே மிதந்து தடுக்கும்.

லாரியைத் திடலில் நிறுத்தாமல் இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி நிறுத்துங்கள். அரைமணி நேரம் நடையிலும் நிதானமான ட்ராட்டிலும் வந்து சேருங்கள். வழியில் தோளை உள்ளே வளைத்து நடத்துவது, காலுக்கு விலகிப் பக்கவாட்டில் போவது என்று மூளைக்கு வேலை கொடுங்கள். நேராகப் போகும் குதிரை தூரத்தையே பார்க்கும். வளையும் குதிரைக்கு உங்கள் காலைக் கவனிக்க வேண்டிவரும். கூடுகிற நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பு வந்தால் போதும்.

வந்தபின் நிற்காதீர்கள். மற்றவர்கள் தட்டில் வரும் மதுவையும் பலகாரத்தையும் சாப்பிட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் கூட்டத்துக்கு வெளியே பெரிய வட்டத்தில் நடத்திக்கொண்டே இருங்கள். ஒரு பக்கம் இரண்டு சுற்று, மறுபக்கம் இரண்டு சுற்று, பத்து விநாடி நிறுத்தம், மீண்டும் நடை. வேட்டையை நடத்தும் மாஸ்டருக்குக் காலை வணக்கம் சொல்லத் தவறாதீர்கள், அதை நடந்துகொண்டே சொல்லலாம்.

பின்காலைத் தூக்கும் குதிரைக்கு வாலில் சிவப்பு ரிப்பன் கட்டுவது வழக்கம், இளங்குதிரைக்குப் பச்சை. சிவப்பு ரிப்பன் ‘நான் எச்சரித்துவிட்டேன்’ என்ற தப்பிப்பு அல்ல. அதைக் கட்டியவர் கடைசியில்தான் நிற்க வேண்டும். யாராவது நெருங்கினால் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் விரித்துக் காட்டினால் விலகுவார்கள். நாய்கள் கடந்துபோகும்போது குதிரையின் பின்பக்கத்தை வேலிப்பக்கமாகத் திருப்பி, முகத்தை நாய்களை நோக்கி வையுங்கள். வேட்டைநாயை உதைக்கும் குதிரைக்கு அந்தக் களத்தில் மன்னிப்பு கிடையாது. அன்றே வீட்டுக்கு அனுப்புவார்கள், அதில் நியாயமும் உண்டு.

கிளம்பியபின் கை என்ன செய்ய வேண்டும்

முதல் கால் மணி நேரம்தான் கடினம். அதில் தோற்றால் நாள் முழுக்கத் தோல்வி.

குதிரை இழுத்தால் திருப்பி இழுப்பது மனித இயல்பு. ஆனால் 500 கிலோவோடு இழுபறியில் யாரும் வென்றதில்லை. தொடர்ந்து பிடித்த வார் குதிரைக்குச் சாய்ந்துகொள்ள ஒரு திண்ணை, அவ்வளவுதான். அந்தத் திண்ணையை எடுத்துவிடுங்கள். மூச்சை வெளியே விட்டு, உடம்பை நிமிர்த்தி, ஒரு பக்க வாரில் குதிரை வைக்கும் ஒரே ஒரு எட்டுக்கு விரல்களை மூடுங்கள். அடுத்த இரண்டு எட்டுக்குத் திறங்கள். பிறகு மறுபக்கம். விரல் திறந்த அந்த இரண்டு எட்டில்தான் குதிரை கேட்கிறது. பாதி பேர் அதற்குள் மீண்டும் மூடிவிடுகிறார்கள்.

கேலப்பில் இரண்டு வாரையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கே பிடித்து, கைமுஷ்டியைப் பிடரியில் ஊன்றுங்கள். அப்போது குதிரை இழுத்தால் தன் கழுத்தைத்தான் இழுக்கும், உங்கள் தோளை அல்ல. அங்கவடியை ஓரிரு துளை சுருக்கிக்கொள்ளுங்கள், எடை குதிங்காலில் இறங்கட்டும்.

இடம் தேர்வதும் கைக்கு உதவும். அமைதியான வயதான குதிரை ஒன்றைக் கண்டுபிடித்து, அதன் ஓட்டியிடம் சொல்லிவிட்டு, ஒரு குதிரை நீளம் விட்டுப் பின்னால் போங்கள். பக்கத்தில் போகாதீர்கள், பந்தயமாகிவிடும். சவாரிக் கூட்டத்தை வழிநடத்தி முன்னே போகும் ஃபீல்டு மாஸ்டரை எந்தக் காரணத்துக்காகவும் தாண்டக் கூடாது. ‘ஹோல்டு ஹார்டு’ என்று அவர் கத்தினால் உடனே நிற்க வேண்டும். நாய்கள் வாசனையைத் தவறவிட்டு எல்லோரும் காத்திருக்கும்போது சின்ன வட்டத்தில் நடத்துங்கள். நடக்காமல் தத்தித் தத்தி ஓடினால் அதோடு சண்டை வேண்டாம். வட்டத்தைச் சிறிதாக்கினால் தானே நடைக்கு வரும். வேலி தாண்டும்போது முன்குதிரை இறங்கி விலகியபின்தான் உங்கள் முறை. மறுத்துவிட்டால் வரிசையின் கடைசிக்குப் போங்கள்.

பிடி விட்டுப் பறந்தால்: ஒரு கையால் வாரைக் குறுக்கிப் பிடித்து அந்த முஷ்டியைக் குதிரையின் கழுத்தில் அழுத்தி நிறுத்துங்கள். மறுகையால் அடுத்த வாரை மேலும் பின்னுமாக ஒரு வலுவான இழுப்பு இழுத்து, உடனே விடுங்கள். மீண்டும் இழுத்து விடுங்கள். முழு வேகத்தில் ஒரே பக்கம் தலையை வளைத்துத் திருப்பாதீர்கள், கால் பின்னி இருவரும் உருள்வீர்கள். இடம் இருந்தால் மேட்டை நோக்கி, பெரிய வட்டமாக. தூரத்தில் புல்தரையாகத் தெரிவது விதைத்த கோதுமையாக இருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த நிலத்தை நமக்குத் திறந்துவிட்டது ஒரு விவசாயி.

செய்யக் கூடாதவை சில. மயக்க மருந்து கொடுத்து ஏறாதீர்கள், கால் தடுமாறும் குதிரை வேலியில் உங்களோடு விழும். புல்லையும் தண்ணீரையும் நிறுத்திச் சோர்வாக்கப் பார்க்காதீர்கள். கிளம்புமுன் ஒரு மணி நேரம் கயிற்றில் சுற்ற விடாதீர்கள். ஒவ்வொரு பக்கமும் பத்து நிமிடத்துக்குமேல் போனால் மூட்டுதான் தேயும், சூடு தணியாது.

வீடு திரும்புதல்

முதல் மூன்று முறை ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் கிளம்பிவிடுங்கள். எல்லோரும் நின்றிருக்கும் இடைவேளையில் கிளம்புங்கள், நாய்கள் ஓடும்போது பிரித்தெடுத்தால் குதிரை அலறும். நண்பகலாக இருந்தாலும் மாஸ்டரிடம் ‘குட் நைட்’ சொல்லிவிட்டுப் போவதுதான் மரபு. கடைசி ஒன்றரைக் கிலோமீட்டர் நடை, வயிற்று வார் ஒரு துளை தளர்வாக.

வீட்டில் தண்ணீரும் புல்லும் முதலில். வழக்கமான தீவனம் போதும். பழைய வழக்கப்படி சூடான தவிட்டுக் கஞ்சி கொடுப்பது, களைத்த குடலுக்குத் திடீர் மாற்றம். வியர்த்த நாளில் தீவனத்தில் உப்பு சேருங்கள். பிறகு கையுறை இல்லாமல், வெறும் விரலால், நான்கு காலையும் முழங்காலிலிருந்து குளம்புவரை தடவுங்கள். இங்கிலாந்து வேலிகளில் கரும்முள் செடி நிறைய. முடிக்குள் முறிந்த முனை கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கு நெல்லுமி மாதிரி நெருடும். மூட்டருகே குத்தியிருந்தாலோ, மறுநாள் காலில் சூடும் வீக்கமும் நொண்டலும் இருந்தாலோ காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 பாகை செல்சியஸ்வரை இயல்பு.

அடுத்த வாரம் மீண்டும் போகலாமா என்பதற்கு மூன்றைப் பாருங்கள்: இடைவேளையில் ஒருமுறையாவது நான்கு காலும் தரையில் ஊன்றி நின்றதா, வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரத்துக்குள் புல்லில் வாய் வைத்ததா, ஞாயிறு ட்ராட்டில் தலை ஆடவில்லையா. மூன்றுக்கும் ஆம் என்றால் அதே தீவனம், அதே வாரக் கணக்கு. நிற்கவே இல்லை என்றால் நவம்பர் கூட்டம் அதற்கு இன்னும் பெரிது. ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர்வரை அதிகாலையில் சிறு கூட்டத்தோடு நடக்கும் இலையுதிர்காலப் பயிற்சி வேட்டைக்கு அடுத்த ஆண்டு கொண்டுபோங்கள். பத்துப் பன்னிரண்டு குதிரைகள் மட்டும் இருக்கும், நாய்களைப் பார்த்தபடி நெடுநேரம் நிற்கும் வேலைதான் அங்கே அதிகம்.